மணவலை: மான் வேட்டையில் வாசனைப் பொறி

புறநானூற்றின் 320-ஆம் பாட்டை வகுப்பில் நடத்துங்கால் மாணவர் தவறாமல் எழுப்பும் வினா ஒன்று உண்டு. வீரை வெளியனார் பாடிய அப்பாட்டில் ஒரு வேட்டுவனின் குடில் முற்றம் காட்டப்படுகிறது. கொடிகள் படர்ந்து இயற்கைப் பந்தலாய் நிழல் செய்ய, வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். அவன் பழக்கி வைத்துள்ள பெண்மானோடு காட்டிலிருந்து வந்த ஆண்மான் ஒன்று கூடி விளையாடுகிறது. வேட்டுவன் மனைவி அதனைக் காண்கிறாள். தான் அசைந்தால் கணவன் எழுந்துவிடுவானோ என்றும், ஆண்மான் தன் துணையை விட்டு ஓடிவிடுமோ என்றும் அஞ்சி அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். மான்தோலில் உலர்த்திய தினையைக் காட்டுக்கோழி வந்து தின்கிறது. அதனையும் அவள் ஓட்டவில்லை.

"ஐயா, வேட்டுவன் வீட்டிற்கு மான் தானே வந்து நிற்குமா?" என்பதே மாணவர் வினா.

வரும். வரவழைக்கவே அப்பெண்மான் அங்கே வளர்க்கப்பட்டது. பழக்கிய விலங்கைக் காட்டிக் காட்டு விலங்கைப் பிடிக்கும் அம்முறைக்குப் 'பார்வை' என்பது பழந்தமிழ்ப் பெயர். அங்ஙனம் பழக்கப்பட்ட பெண்மான் 'பார்வைப் பிணை' எனப்பெறும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடில் முற்றத்து விளாமரத்தில் பார்வை விலங்கு கட்டப்பட்டிருக்கும் காட்சியும் இதற்குச் சான்றாகும். உரைகாரர் இதனைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வர். பார்வை என்னும் பெயரினால் நாமும் கண்ணால் கண்டு மயங்கி வரும் விலங்கையே எண்ணிக்கொள்கிறோம். ஆயினும் அந்த ஆண்மானைக் காட்டின் உள்ளிருந்து முற்றம் வரை இழுத்து வந்தது கண்தானா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மானின் இயல்பை ஆராய்ந்தோர் கூறுவனவற்றைப் படித்தபின், இழுத்து வந்தது மூக்கே என்று கருதுகிறேன். இக்கட்டுரை அம்மூக்கைப் பற்றியது. அதனை வேட்டைக்கருவியாக்கிக் கொண்ட மனிதனைப் பற்றியதும் ஆகும்.

மானின் மூக்கு

மான் தன் உலகைப் பெரிதும் மோப்பத்தால் அறிகிறது. அசையாது நிற்கும் மனிதனை அது கண்டும் காணாதது போல் மேய்வதுண்டு. ஆனால் அவன் பக்கமிருந்து ஒரு சிறு காற்று வீசினால் போதும், வாலை உயர்த்திக்கொண்டு பாய்ந்துவிடும். ஈன்ற தாய்மான் தன் கன்றை மணத்தாலேயே இனங்காண்கிறது. பிறந்த கன்றினிடம் மணம் மிகக் குறைவு. தாய் அதனை நக்கித் துடைத்து, அதன் கழிவையும் தின்று, புல்லிடையே கிடத்திவிட்டு விலகிப் போகிறது. அருகில் நின்றால் தன் மணமே கன்றைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது போன்றதொரு நடத்தை அது. தாய் கைவிட்டுச் சென்றது என்று எண்ணி அத்தகைய கன்றுகளை இரக்கத்தால் தூக்கிவரும் மனிதர்கள் அக்கன்றுக்குத் தீங்கே செய்கின்றனர்.

மணத்தைப் பெறுவதோடு மணத்தை எழுதிவைக்கவும் மான் வல்லது. கண்ணின் முன்மூலையில் ஒரு சுரப்பி, குளம்பு பிளவுபடும் இடத்தில் ஒரு சுரப்பி, பின்னங்காலின் முட்டி உட்புறத்தில் மயிர்க்கற்றையோடு கூடிய ஒரு சுரப்பி, நெற்றித்தோலில் ஒன்று என அதன் உடலில் பல இடங்களில் மணம் ஊறுகிறது. சென்னை கிண்டிப் பகுதியில் புள்ளிமான்களைப் பார்ப்போர், கொம்புள்ள ஆண்மான் பின்னங்கால்களில் எழுந்து நின்று மரக்கிளையில் முகத்தைத் தேய்ப்பதைச் சிற்சில வேளைகளில் காணலாம். கிளையில் உள்ள தழையைத் தின்ன முயல்கிறது என்று நாம் நினைப்போம். அது தன் பெயரைக் கிளையில் எழுதிக்கொண்டிருக்கிறது.

இவ்வகையில் மிக விரிவாக ஆராயப்பெற்றது வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான். பகற்பொழுது குறையத் தொடங்கும் இலையுதிர் காலத்தில் அதன் உடலில் மாற்றம் தோன்றுகிறது. வடபகுதி மாநிலங்களில் பெரும்பாலும் நவம்பர்த் திங்களே இணைசேரும் காலம். அப்போது ஆண்மான் தாழ்ந்து தொங்கும் ஒரு கிளையைத் தேர்ந்து, அதனை வாயால் கவ்வி நக்கி நெற்றியையும் தேய்க்கிறது. பின்னர் அதன் கீழே தரையைக் குளம்பால் கீறி மண் தெரியச் செய்கிறது. பின்னங்கால்களை ஒட்டி நின்று, முட்டிச் சுரப்பியின் மேல் வழியுமாறு அக்கீறலில் சிறுநீர் பெய்கிறது. காட்டில் இது ஓர் அறிவிப்புப் பலகை. வரும் மான்கள் எல்லாம் அதனை மோந்து பார்க்கும். தாமும் தம் மணத்தை விட்டுச் செல்லும்.

பெண்மான் சினைப்பருவத்தில் இருப்பது ஒன்றிரண்டு நாளே. அந்நாளில் கருவுறாவிடின் ஏறத்தாழ 28 நாள் கழித்து மீண்டும் பருவம் வரும். இத்துணைக் குறுகிய காலத்தைத் தவறவிடாதிருக்கவே இயற்கை இம்மணமொழியை மானுக்கு வழங்கியுள்ளது. பெண்மானின் சிறுநீரை மோந்த ஆண்மான் தலையை நிமிர்த்தி, மேலுதட்டைச் சுருட்டி, சிறிது நேரம் அசையாது நிற்கும். மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு என்னும் தனிப்புலனுக்கு அம்மணத்தை ஏற்றும் செயல் இது. நம் ஊர் ஆட்டுக்கிடாய் இதனையே செய்வதைக் கண்டு சிரித்தவர் பலர். அது எதனைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டவர் சிலரே.

'மணம்' என்னும் நம் சொல் வாசனையையும் திருமணத்தையும் ஒருங்கே குறிக்கிறது. மானின் வாழ்வில் அவ்விரு பொருளும் பிரிவதே இல்லை.

புட்டியில் அடைத்த பருவம்

இந்த மணமொழியை மனிதன் கற்றுக்கொண்டு, மானுக்கு மானின் மொழியிலேயே பொய் சொல்லத் தொடங்கியதுதான் வாசனைப் பொறி. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் இது பெரியதொரு வணிகமாகவே வளர்ந்துள்ளது. அங்கே உரிமம் பெற்றுக் குறித்த பருவத்தில் மான் வேட்டையாடுதல் சட்டப்படி செல்லும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம் என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். கீழே கூறப்படுவன அந்நாட்டு நடைமுறைகளே.

வேட்டைக்குரிய மணங்கள் பல திறத்தன. முதலாவதும் பெருவிலை பெறுவதும் சினைப்பருவத்துப் பெண்மானின் சிறுநீர். பண்ணைகளில் அடைத்து வளர்க்கும் மான்களிடமிருந்து, கம்பிவலைத் தரையின் கீழ் கலம் வைத்துச் சேகரித்துப் புட்டிகளில் அடைத்து விற்கின்றனர். இது மதங்கொண்ட ஆண்மானைக் காதலால் இழுப்பது. அடுத்து ஆண்மானின் சிறுநீரும் முட்டிச் சுரப்பியின் மணமும். தன் எல்லையில் வேற்று ஆண் புகுந்தது என்னும் சினத்தால் இழுப்பது. ஆப்பிள், கருவாலிக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றின் மணம் பசியால் இழுப்பது. சோம்பு, வனிலா போன்றவை இன்னதென்று அறியும் ஆவலைத் தூண்டி இழுப்பன. இவற்றினும் வேறாய், இழுக்காமல் மறைக்கும் மணமும் உண்டு. நரியின் சிறுநீரையோ பைன் மரத்தின் சாரத்தையோ பூசி மனித வாடையை மூடுவர். காதல், சினம், பசி, ஆவல் என்று ஓர் உயிரின் உள்ளத்தை வகைபிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டி செய்து வைத்திருக்கும் அக்கடையின் அலமாரியை நினைக்குந்தோறும், மெய்ப்பாட்டியல் படித்த எனக்கு ஒருவித அச்சமே தோன்றுகிறது.

பயன்படுத்தும் முறையும் நுட்பமானது. சிறுநீரில் நனைத்த துணியைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தவாறே வேட்டைக்காரர் தம் மறைவிடம் நோக்கி நடப்பார். வழியில் குறுக்கிடும் ஆண்மான் அத்தடத்தைப் பற்றிப் பின்தொடரும். வேறு சிலர் நனைத்த பஞ்சுத்திரியைக் கிளையில் தொங்கவிடுவர். மற்றும் சிலர் தாமே ஒரு கிளையின் கீழ் மண்ணைக் கீறி, மேலே சொட்டுச் சொட்டாக ஒழுகும் கலத்தைக் கட்டிப் பொய்க் கீறல் ஒன்றை உண்டாக்குவர். மான் எழுதும் பலகையில் மனிதன் போடும் கள்ளக் கையெழுத்து என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வளவு செய்தும் காற்று கைகொடாவிடின் அனைத்தும் வீண். மணத்தை நோக்கி மான் நேரே நடந்து வருவதில்லை. அது சுற்றி வளைத்து, காற்று தன் முகத்தில் வந்து மோதும் பக்கம் சென்று, முகர்ந்து தெளிந்த பின்னரே நெருங்கும். ஆகவே பொறியை ஓரிடத்தும் தம்மை வேறிடத்தும் வைத்து, மான் எந்தப் பக்கம் சுற்றிவரும் என்று கணித்து வேட்டைக்காரர் அமர வேண்டும். மலைச்சரிவில் இக்கணக்கு மேலும் கடினம். காலை வெயிலில் சூடேறிய காற்று சரிவில் மேலேறும். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கும். காலையில் தக்கதாயிருந்த மறைவிடம் மாலையில் காட்டிக்கொடுக்கும் இடமாகும். எனவேதான் அவர்கள் மணமற்ற சோப்பில் உடை துவைத்து, ரப்பர் காலணி அணிந்து, புகைப்பதையும் தவிர்த்துக் காட்டிற்குள் செல்கின்றனர். மானைப் பொய் மணத்தால் ஏமாற்றப் போகிறவர் தம் மெய் மணத்தை ஒழித்தாக வேண்டியிருக்கிறது.

இம்மணங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்னும் கேள்விக்கு வேட்டைக்காரரிடையே ஒத்த விடை இல்லை. புட்டியில் அடைத்த சிறுநீர் நாட்செல்லச் செல்ல நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியா நெடியாக மாறுகிறது. அதில் பருவத்தின் செய்தி எவ்வளவு எஞ்சுகிறது என்பது ஐயத்திற்குரியதே. இளம் ஆண்மான்கள் எளிதில் மயங்கி வருவதும், முதிர்ந்தவை தொலைவில் நின்று வளைந்து போவதும் அவர்கள் பலர் சொல்லும் அனுபவம். விற்பவரின் விளம்பரத்திற்கும் காட்டின் உண்மைக்கும் உள்ள தூரம் இத்தொழிலிலும் உண்டு. சங்ககால வேட்டுவனின் உயிருள்ள பிணையோ ஒவ்வொரு நாளும் புதிய மணத்தைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. அந்த வகையில் அவனுடைய பொறி இன்றைய புட்டியினும் மேலானது.

பொறியில் புகுந்த நோய்

இத்தொழிலுக்கு எதிர்ப்பு வந்தது அறநூலார் பக்கமிருந்து அன்று; நோயியலார் பக்கமிருந்தே வந்தது. 1967-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆய்வுக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடையே விளங்காத நோய் ஒன்று தோன்றியது. நன்கு உண்ணும் மானும் நாளுக்கு நாள் மெலிந்தது. தலை தாழ்ந்து, எச்சில் ஒழுகி, தன்னினத்தை மறந்து நின்று இறுதியில் மாண்டது. இறந்த மான்களின் மூளை கடற்பஞ்சு போல் துளைபட்டிருந்ததை 1970-களின் இறுதியில் எலிசபெத் வில்லியம்ஸ் என்னும் கால்நடை நோயியல் அறிஞர் கண்டறிந்தார். க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என வழங்கும் அதனை உடல்தேய்வு நோய் எனலாம்.

இந்நோயைத் தருவது நுண்ணுயிரும் அன்று, வைரஸும் அன்று. உருத்திரிந்த ஒருவகைப் புரதமே இதற்குக் காரணம். பிரியான் எனப்படும் அது கொதிநீரில் அழியாது. மண்ணில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நோயுற்ற மானின் எச்சிலிலும் சாணத்திலும் சிறுநீரிலும் அது வெளிவருகிறது. நோய் வெளியே தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், பார்வைக்கு நலமாகத் தோன்றும் மானும் நோயைப் பரப்பும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வட அமெரிக்காவில் இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது காணப்படுகிறது. 2016-இல் நார்வே நாட்டுக் கலைமான் கூட்டத்திலும் கண்டறியப்பட்டது.

இப்போது பண்ணையில் வடித்த சிறுநீரை எண்ணிப் பார்க்க வேண்டும். பல மான்களிடமிருந்து கம்பிவலைத் தரையின் வழியே வடித்துச் சேர்ப்பதால் அதில் எச்சிலும் சாணமும் கலவாதிருக்க இயலாது. ஓரிடத்தில் நிரப்பிய புட்டி பல நூறு கல் கடந்து வேறொரு காட்டின் மண்ணில் ஊற்றப்படுகிறது. ஊற்றப்படும் இடமோ அவ்வட்டாரத்து மான்கள் எல்லாம் வந்து முகர்ந்து நக்கும் இடம். அங்ஙனம் வரவேண்டும் என்றே தேர்ந்தெடுக்கப்பட்ட இடம். சிறுநீரில் இந்நச்சின் அளவு மிகக் குறைவு என்றும், நோய் பரவுவதில் இப்புட்டிகளின் பங்கு சிறியதே என்றும் கூறும் அறிஞர் உளர். அது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் ஒருமுறை மண்ணில் இறங்கினால் திரும்ப எடுக்க இயலாத ஒன்றைச் சிறிது என்பதற்காக ஏற்கலாமா என்பதே அரசுகளின் முன் நின்ற வினா. அலாஸ்கா, வர்ஜீனியா, வெர்மாண்ட் முதலிய மாநிலங்கள் 2010-களில் இயற்கைச் சிறுநீரை வேட்டைக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. வேறு சில, நோய் கண்ட வட்டாரங்களில் மட்டும் தடை விதித்தன. அதன்பின் ஆய்வுக்கூடத்தில் கூட்டிச் செய்த செயற்கை மணங்கள் சந்தையில் இடம்பிடித்தன.

பொறி வைப்பவன் ஒரு மானைக் குறித்தே பொறி வைக்கிறான். ஆனால் மணம் ஒரு மானுக்கென்று வீசுவதில்லை.

கைக்கு எட்டும் வேட்டை

வேட்டையை இஸ்லாம் விலக்கவில்லை. இறைவன் பெயர் கூறி எய்ததையும், பழக்கிய வேட்டைநாய் பிடித்துத் தந்ததையும் உண்ணத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அனுமதி தருகிறது. வலையில் உயிரோடு அகப்பட்டது முறைப்படி அறுக்கப்பட்டால் ஆகுமானதே. எனவே வட அமெரிக்காவில் உரிமம் பெற்று, உண்பதற்காக மானை வேட்டையாடுவோரை இங்கிருந்து நாம் குறைகூறுதல் பொருந்தாது. அங்கே பல பகுதிகளில் ஓநாய் அற்றுப்போனமையால் மான்கள் மிகுந்து காட்டின் இளங்கன்றுகளை அழிப்பதும் உண்மை.

ஆயினும் அதே அத்தியாயத்தின் 94-ஆம் வசனம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் அண்மையில் வேட்டைப் பிராணிகளை வரச்செய்து இறைவன் நம்பிக்கையாளரைச் சோதிப்பான் என்னும் கருத்து அதில் அமைந்துள்ளது. 628-ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் இஹ்ராம் நிலையில் தங்கியிருந்தபோது, முன் எப்போதும் காணாத அளவில் விலங்குகளும் பறவைகளும் அவர்தம் கூடாரங்களை நெருங்கி வந்தன என்று விரிவுரையாளர் எழுதுவர். கைநீட்டினால் பிடிக்கலாம், ஆயினும் கைநீட்டலாகாது.

வேட்டைப் பொருள் தொலைவில் இருக்கும்போது வேட்டைக்காரனைச் சோதிப்பது அவன் திறமை. அது அருகில் வந்துவிட்டபின் சோதிக்கப்படுவது அவன் உள்ளம். மணப்பொறியால் மானைப் பத்தடி அண்மைக்கு வரவழைப்பவன் முதற் சோதனையைத் தவிர்த்து இரண்டாவதற்குள் தானே சென்று நிற்கிறான் என்றே சொல்ல வேண்டும். உயிருள்ளதை வெறும் குறியாக நிறுத்தி எய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்பதும் நபிமொழித் தொகுப்புகளில் காணப்படுவதே.

இங்கே உமறுப்புலவரை நினையாதிருக்க இயலாது. சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணைநின்ற படலம் நம் மாணவர் அனைவரும் அறிந்தது. வேடன் கையில் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி மீள விடை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாது கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். 'பிணை' என்பது தமிழில் பெண்மானுக்கும் பெயர், ஈட்டுறுதிக்கும் பெயர். புறநானூற்று வேட்டுவன் பிணையை இரையாகக் கட்டினான். சீறாவில் பிணைக்குப் பிணையாக ஒருவர் நின்றார். இரண்டு முற்றங்களுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்திருக்கலாம். எனினும் வெளியனார் காட்டும் அந்த மனைவி, வீட்டிற்கு வரவேண்டிய இறைச்சியைக் கண்முன் வைத்துக்கொண்டே கணவனை எழுப்பாமல் நின்றாளே, அவளையும் இந்த வரிசையில் வைத்தே எண்ணத் தோன்றுகிறது.

மான்மதம்

இஹ்ராம் அணிந்தவர்க்கு வேட்டை விலக்கு என்பதை மேலே கண்டோம். நறுமணம் பூசுவதும் அந்நிலையில் விலக்கே. இவ்விரண்டையும் ஒருங்கே விலக்கியதன் முழுக் கருத்தையும் இறைவனே அறிவான். ஆனால் மணமும் வேட்டையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பொருள் ஒன்று உண்டு, அது கஸ்தூரி.

இதுகாறும் கண்டது மானை இழுக்க மனிதன் வைத்த மணம். கஸ்தூரியில் இம்முறை தலைகீழாகிறது. மானின் மணம் மனிதனை இழுக்கிறது. இழுக்கப்பட்டு வந்தவன் கையால் மான் மடிகிறது. தமிழில் கஸ்தூரிக்கு வழங்கும் பழம்பெயர் மான்மதம். மதங்கொண்ட காலத்து ஊறல் என்று அதன் தோற்றத்தையே அப்பெயர் சொல்லிவிடுகிறது. (கஸ்தூரி மஞ்சளில் கஸ்தூரி ஏதுமில்லை என்பதையும் இடையே சொல்லிவைக்கலாம், அது மணத்தால் பெற்ற பெயர்.)

கஸ்தூரி மான் இமயமலைத் தொடர், திபெத்து, சீனம், சைபீரியா ஆகிய குளிர்மலைக் காடுகளில் வாழ்வது. விலங்கியலார் இதனை மெய்யான மான் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனிக்குடும்பமாக வைப்பர். இதற்குக் கொம்பு இல்லை. ஆணுக்கு மேல்தாடையிலிருந்து நீண்டு தொங்கும் கோரைப்பல் உண்டு. முதிர்ந்த ஆணின் அடிவயிற்றில், கொப்பூழுக்குப் பின்புறம் அமைந்த சிறு பையில் இம்மணப்பொருள் ஊறுகிறது. தன் இணையை அழைக்க இறைவன் அதற்கு அளித்த பொருள் அது.

ஒரு பையில் கிடைப்பது சராசரி 25 கிராம் அளவே. ஒரு கிலோ கஸ்தூரிக்கு 40 ஆண்மான் வேண்டும். கணக்கு அத்தோடு நிற்பதில்லை. வேட்டைக்காரர் மலைமுகட்டில் புதர்க்கிளைகளால் நீண்ட வேலி அமைத்து, இடையிடையே விடும் வழிகளில் கம்பிச் சுருக்குகளை வைக்கின்றனர். சுருக்குக்கு ஆண், பெண், கன்று என்னும் வேறுபாடு தெரியாது. பயன் தரும் ஓர் ஆணுக்காக மூன்று முதல் ஐந்து மான்கள் வரை மடிகின்றன என்று இத்துறையினர் மதிப்பிடுவர். நம் நாட்டில் கஸ்தூரி மான் சட்டத்தின் முதற் பட்டியலில் இடம்பெற்று மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றுள்ளது. இந்தியா, நேபாளம், பூட்டான், பாகிஸ்தான் உள்ளிட்ட நாடுகளின் கஸ்தூரியைப் பன்னாட்டு வணிகத்தில் விற்பதும் அழியும் உயிரினங்கள் பற்றிய உலக உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டுள்ளது. இத்தனை காவலையும் மீறிச் சுருக்குகள் இன்றும் வைக்கப்படுகின்றன என்பதே வருந்தத்தக்க உண்மை.

நம் சமுதாயத்திற்கு இது பிறர் சிக்கல் அன்று. சுவர்க்கத்துப் பானத்தின் முத்திரை கஸ்தூரி என்று திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் சிறப்பிக்கிறது. நல்ல நண்பனைக் கஸ்தூரி வைத்திருப்பவனுக்கும் தீய நண்பனைக் கொல்லன் துருத்திக்கும் உவமித்த நபிமொழியைப் பள்ளிச் சிறாரும் அறிவர். கஸ்தூரி தூய்மையான பொருள் என்பதில் மார்க்க அறிஞர் ஒத்த கருத்தினர். இத்தகு மதிப்பினால் அரபு வணிகர் அதனைத் தேடித் திபெத்து வரை வழி கண்டனர். பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி திபெத்துக் கஸ்தூரியையும் சீனக் கஸ்தூரியையும் ஒப்பிட்டு, நறுமணப் பூண்டுகளை மேய்வதால் திபெத்து மானின் கஸ்தூரியே சிறந்தது என்று எழுதினார். அவர் சொல்லும் செய்தி மற்றொன்றும் உண்டு. கஸ்தூரி முற்றியபோது மான் தினவு தாங்காது வெயிலில் சுட்ட கற்களில் அடிவயிற்றைத் தேய்க்கும் என்றும், கல்லில் வழிந்து உலர்ந்ததைத் தேடி எடுப்பார் உண்டு என்றும், அதுவே கஸ்தூரிகளில் தலையாயது என்றும் அவர் கூறுவார். இன்றைய விலங்கியலார் இதனை அப்படியே ஏற்கமாட்டார். எனினும் மானைக் கொன்று எடுத்ததினும் மான் தானே விட்டுச்சென்றதை உயர்ந்ததாகக் கருதிய அந்த மனப்பாங்கு கருதத்தக்கது. பிற்காலத்தில், 1950-களில் சீனர் கஸ்தூரி மானைப் பண்ணையில் வளர்த்து, உயிருடன் பிடித்து, சிறு கரண்டியால் பையிலிருந்து வழித்தெடுக்கும் முறையைக் கண்டனர். அடைப்பில் அஞ்சி நடுங்கும் இயல்பினதாகையால் அம்மானை வளர்ப்பது எளிதாக இல்லை.

கஸ்தூரிக்கு மாற்று வந்த வரலாறு வியப்பானது. 1888-இல் ஆல்பர்ட் பௌர் என்னும் வேதியியலார் வெடிமருந்து ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கையில், எதிர்பாராத வகையில் கஸ்தூரி மணமுடைய ஒரு பொருள் கிடைத்தது. இயற்கைக் கஸ்தூரியின் மணத்திற்குக் காரணமான மஸ்கோன் என்னும் பொருளை 1906-இல் வால்பௌம் பிரித்தெடுத்தார். 15 கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்த அதன் அமைப்பை 1926-இல் ருஷீச்கா தெளிவுபடுத்தினார். 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அத்துணைப் பெரிய வளையம் நிலைத்து நிற்காது என்று அதுவரை வேதியியலார் நம்பியிருந்தனர். மலைமுகட்டு மானின் அடிவயிற்றில் அது நெடுங்காலமாக நிலைத்தே இருந்தது.

இன்று நறுமணத் தொழிலில் கஸ்தூரி என்று வழங்குவது ஏறக்குறைய முழுவதும் இவ்வழியில் செய்யப்படுவதே. ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வாயிலில் அருகிருப்பவர் அன்போடு நம் புறங்கையில் தடவும் சிறிய கஸ்தூரி அத்தர்ப் புட்டியிலும் இருப்பது அநேகமாக அவ்வேதியியலார் வகுத்த மணமே. அதில் மான் இல்லை.